கறுப்புக்கு ஏழாவது பதில்

இந்தக் காலத்து மனிதர்கள் காணாமல் போவதைக்கூட ஒழுங்காகச் செய்வதில்லை என்பது பூட்டுக்காரரின் நெடுநாள் குறை. முன்பெல்லாம் ஒருவன் போனால் போனதுதான். செருப்பு போகும், ஆள் போவான், பேச்சும் அதோடு நின்றுவிடும். இப்போது ஆள் போய் வருஷம் ஆன பிறகும் அவன் போன் அடிக்கிறது, அவன் பெயருக்குப் பிறந்தநாள் வாழ்த்து வந்து விழுகிறது. பாதி ஆள் போகிறான், மீதி ஆள் வீட்டிலேயே கிடக்கிறான். கிடக்கிற பாதியைப் பார்த்துப் பயந்துகொண்டு, போன பாதியைத் தேடித் தரச் சொல்லி இவரைக் கூப்பிடுகிறார்கள்.

இதை அவர் பல் டாக்டரம்மாவின் முகத்துக்கு நேராகவே சொன்னார். கூட வந்திருந்த மருமகள், மாமா அப்படித்தான், பல் பிடுங்கும்போது மரத்துப்போக ஊசி போடாத ஜாதி, நீங்க கோவிச்சுக்காதீங்க என்று சமாதானம் சொன்னாள்.

பூட்டுக்காரர் மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டவர். நாற்பது வருஷம் பூட்டுத் திறந்து பிழைத்தார். திருட்டுப் போன வீடுகளில் பூட்டை முகர்ந்து பார்த்துவிட்டு, வெளியே இருந்து யாரும் வரவில்லை, ஆள் உள்ளேதான் இருக்கிறான் என்று சொல்லிச் சொல்லியே துப்பறிகிறவர் ஆகிப்போனார். யாரையும் நம்பமாட்டார். பால் பாக்கெட்டில் அச்சடித்த தேதியையே வெளிச்சத்தில் பிடித்து இரண்டு தடவை பார்ப்பார். மகன் கப்பலில் வேலை. மருமகள் கோர்ட்டில் சுருக்கெழுத்து எழுதியவள். எழுத்து சுருக்கம், வாய் மட்டும் நீளம். எழுதப் படிக்க வேண்டிய வேலையெல்லாம் அவளுடையது. சந்தேகப்படுகிற வேலை இவருடையது.

டாக்டரம்மா சொன்ன விஷயம் இது. அவளுடைய அப்பா நில அளவை இலாகாவில் இருந்து ஓய்வு பெற்றவர். பதினோரு மாதத்துக்கு முன்னால் ஒரு செவ்வாய்க்கிழமை காலை குடையை எடுத்துக்கொண்டு சதுரங்க மன்றத்துக்குப் புறப்பட்டார். மன்றத்துக்குப் போகவில்லை. குடை மட்டும் ஏரிக்கரைச் சுவரில், மடித்துப் பொத்தான் போட்டபடி கிடைத்தது. நாலு நாள் தண்ணீருக்குள் தேடினார்கள். ஒன்றும் இல்லை. அம்மா அழவில்லை. ஊரை விட்டு வரவும் மாட்டேன் என்றாள். சரி, போகப் போகச் சரியாகும் என்று மகள் விட்டுவிட்டாள். மூன்று மாதத்துக்கு முன்னால் அப்பாவின் சதுரங்க நோட்டில் புதிய பக்கங்கள் முளைக்க ஆரம்பித்தன.

"அப்பா கையெழுத்துங்க," என்றாள். "சின்ன வயசுல இருந்து பார்த்த எழுத்து. அம்மாகிட்ட கேட்டா, ஆமான்னும் சொல்ல மாட்டேங்கிறாங்க, இல்லைன்னும் சொல்ல மாட்டேங்கிறாங்க. சனிக்கிழமை அவங்களை என்னோட கூட்டிட்டுப் போகணும். அவர் எழுதிட்டு இருக்கிற வரைக்கும் வர மாட்டாங்க. யாரோ அவங்களை ஏமாத்துறாங்க. அது யாருன்னு சொல்லுங்க, போதும்."

அவளுக்குச் சந்தேகம் சித்தப்பா மேல். தினமும் மத்தியானச் சாப்பாடு இந்த வீட்டில்தான். கையில் ஒரு சாவியும் இருக்கிறது. அண்ணி ஊரை விட்டுப் போனால் அவர் வயிறு அநாதை ஆகிவிடும்.

அப்பாவின் அறை மாடியில், தெருவைப் பார்த்து இருந்தது. வெளியே தூறல். ஜன்னல் கண்ணாடியில் நீர் வழிந்த நிழல் சுவரில் ஊர்ந்ததில் அறையே மெல்ல மூச்சு விடுவது போல இருந்தது. நடுவில் சதுரங்க மேஜை. காய்கள் அடுக்கியபடி இருந்தன. ஒரே ஒரு வெள்ளைச் சிப்பாய் மட்டும் இரண்டு கட்டம் முன்னால் வந்து நின்றது. கூப்பிட்டு அனுப்பிய ஆள் வராததால் திரும்பிப் போகவும் மனமில்லாமல் நிற்கிறவனைப் போல அது தனியாக நின்றது. கூர் சீவிய பென்சில் வாடை இன்னும் அறையில் இருந்தது. பூட்டுக்காரருக்கு முதுகில் யாரோ பார்ப்பது போல் ஒரு கூச்சம். அதை அவர் ஈரக் காற்றின் கணக்கில் எழுதினார்.

முதலில் பூட்டுகளைப் பார்த்தார். வாசல், பின்கட்டு, மாடிக் கதவு. எதிலும் கீறல் இல்லை. யார் வந்தாலும் சாவி போட்டுத்தான் வந்திருக்கிறார்கள். அப்பாவின் சாவி அவர் சட்டைப்பையோடு போய்விட்டது என்றாள் மகள். அடுத்து நாற்காலிகளைத் தடவிப் பார்த்தார். மேஜைக்கு இரண்டு நாற்காலி. இரண்டுக்கும் கைப்பிடியில் பாலிஷ் ஒரே அளவு தேய்ந்திருந்தது.

அம்மாள் கதவோரம் நின்றிருந்தாள். ஒல்லியான உருவம், முழங்காலில் கட்டு. யாரோடு ஆடுவார் என்று கேட்டதற்கு, தனியாகத்தான் ஆடுவார் என்றாள். உங்களுக்கு ஆடத் தெரியுமா என்றதற்குத் தெரியாது என்றாள். இரண்டு பதிலும் பலகாலம் சொல்லிப் பழகிய பதில் மாதிரி வழுக்கிக்கொண்டு வந்தன. பூட்டுக்காரர் தேய்ந்த கைப்பிடியை ஒரு தரம், அம்மாளை ஒரு தரம் பார்த்தார்.

மத்தியானச் சாப்பாட்டுக்குச் சித்தப்பா வந்தார். மருமகள் நைசாக அவரை மேஜைக்குக் கூட்டிவந்து, காய்களைக் கலைத்துவிட்டேன், பழையபடி வைத்துக் கொடுங்களேன் என்று கேட்டாள். அவர் வெகு சிரத்தையாக வைத்தார். கறுப்பு ராஜாவையும் வெள்ளை ராஜாவையும் பக்கத்தில் பக்கத்தில், பேச்சுத் துணைக்கு வைத்தார்.

"இவரை விட்டுடலாம் மாமா," என்றாள் மருமகள் படியிறங்கும்போது. "இவரு ஏமாத்துறதா இருந்தா சமையல் குறிப்புதான் எழுதுவாரு."

நோட்டை வாங்கிக்கொண்டு இருவரும் மன்றத்துக்குப் போனார்கள். சைக்கிள் கடைக்கு மேலே ஒரு நீள அறை, பன்னிரண்டு மேஜைகள். அந்த நேரத்தில் ஆள் யாரும் இல்லை. மன்றத்தைப் பார்த்துக்கொள்கிறவர் மட்டும் காய்களை ஈரத்துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். காணாமல் போனவருக்கு அங்கே மூலைக்காரர் என்று பெயர். எல்லோரும் ராஜாவுக்கோ ராணிக்கோ முன்னால் நிற்கிற சிப்பாயைத் தள்ளி ஆட்டத்தைத் தொடங்குவார்கள். இவர் மட்டும் ஓரத்திலிருந்து இரண்டாவது சிப்பாயை இரண்டு கட்டம் தள்ளுவார். வெள்ளைக் காய் கிடைத்தால்தான் உட்காருவார். ஆரம்பத்தில் சிரித்தார்கள். பிறகு தோற்றார்கள். பிறகு அவரோடு உட்காருவதையே நிறுத்திவிட்டார்கள். எந்தப் பதில் ஆடினாலும் அதற்கு முந்தின நாளே மருந்து அரைத்து வைத்திருப்பார் என்று மன்றத்துக்காரர் குறைப்பட்டார். யாரோடு பழகுகிறீர்கள் என்று ஒரு நாள் கேட்டதற்கு, "வீட்டுல ஒரு கை இருக்கு" என்றாராம்.

"கைன்னாரா, ஆளுன்னாரா?" என்றார் பூட்டுக்காரர்.

கை என்றுதான் சொன்னார் என்று மன்றத்துக்காரர் உறுதியாகச் சொன்னார்.

மருமகள் பள்ளிக்கூட நாளில் கொஞ்சம் ஆடியவள். வெள்ளைப் பக்கம் உட்கார்ந்து நோட்டைப் பிரித்தாள். பூட்டுக்காரர் எதிரே கறுப்புப் பக்கம் உட்கார்ந்தார். எண்ணும் எழுத்தும் போட்டு ஆட்டம் எழுதுவது சோம்பேறி வேலை என்பது மூலைக்காரரின் கட்சி போலிருக்கிறது. எல்லாமே வார்த்தையில் இருந்தது. கறுப்பின் ஒவ்வொரு பதிலுக்கும் பத்துப் பதினைந்து பக்கம், கீழே சிவப்புப் பென்சிலில் மதிப்பெண்.

அவள் வாசித்தாள். ராஜா முன் சிப்பாயை இரண்டு கட்டம் தள்ளும் பதில்: நான் தள்ளிய சிப்பாயைக் குறிவைக்கிறது, நான் அதைக் கொடுத்து நடுச் சிப்பாயை வாங்கிக்கொள்வேன், ஆனாலும் துணிச்சலான பதில், ஆறு. ராணி முன் சிப்பாய்: கௌரவமான பதில், ஏழு. குதிரையை மட்டும் வெளியே விடுவது: எதுவும் சொல்லாமல் காத்திருக்கும் பதில், எட்டு. ஓரத்துச் சிப்பாயால் உடனே மோதுவது: கோபம், நான் இன்னும் ஒரு கட்டம் தள்ளினால் அடங்கிவிடும், மூன்று. மந்திரி முன் சிப்பாயை ஒரு கட்டம் மட்டும் தள்ளி ராணியைப் பக்கவாட்டில் கொண்டுவருவது: உள்ளே ஒன்று வைத்துக்கொண்டு வெளியே ஒன்று பேசுவது, நாலு. ராஜா முன் சிப்பாய் ஒரே கட்டம்: பயம், ஐந்து.

"ஆட்டத்துக்குப் போட்ட மார்க்கு மாதிரி இல்லையே," என்றார் பூட்டுக்காரர். "பொண்டாட்டிக்குப் போட்ட மார்க்கு மாதிரி இருக்கு."

"உங்களுக்கு எப்படித் தெரியும்? அத்தையும் உங்களுக்கு மார்க்கு போட்டாங்களா?"

"அவ பெயில்னு ஒரே வார்த்தைல முடிச்சிட்டா. நீ படி."

முதல் பக்கத்தை அவள் மறுபடி வாசித்தாள். இடப்பக்கத்திலிருந்து இரண்டாவது வெள்ளைச் சிப்பாயை இரண்டு கட்டம் தள்ளவும். பூட்டுக்காரர் தன் இடப்பக்கத்திலிருந்து எண்ணி ஒரு வெள்ளைச் சிப்பாயைத் தொட்டார். மருமகள் சிரித்தாள். அது உங்க இடது மாமா, புத்தகம் என் நாற்காலியில உட்கார்ந்து பேசுது என்று சொல்லிச் சரியான சிப்பாயைத் தள்ளினாள். பிறகு மூன்று மாதத்துக்குள் முளைத்த ஏழாவது பதிலுக்குப் போனாள். வலப்பக்கத்திலிருந்து இரண்டாவது வெள்ளைச் சிப்பாய் முன்னால் வந்ததும், அதன் எதிரே உள்ள கறுப்புச் சிப்பாயை நேருக்கு நேர் இரண்டு கட்டம் தள்ளவும். படித்துவிட்டு அவள் தன் வலப்பக்கம் கை நீட்டினாள். கை பாதியில் நின்றது.

பூட்டுக்காரர் அதற்குள் தன் வலப்பக்கத்திலிருந்து இரண்டாவது வெள்ளைச் சிப்பாயில் விரல் வைத்திருந்தார். இந்தத் தடவை அவர் விரல் சரியான இடத்தில், அவள் சற்றுமுன் தள்ளிய அதே சிப்பாயின் மேல் இருந்தது.

கூரையில் தூறல் கேட்டது.

"இதை எழுதினவங்க நீங்க உட்கார்ந்திருக்கிற இடத்துல உட்கார்ந்து எழுதியிருக்காங்க," என்றாள் மருமகள். குரல் இறங்கிவிட்டது. "வெள்ளைப் பக்கமே உட்காராத ஒருத்தர்."

ஏழாவது பதிலுக்கு என்ன மதிப்பு போட்டிருக்கிறது என்று அவர் கேட்டார். இரண்டு சிப்பாயும் மூக்கோடு மூக்கு முட்டி நிற்கும், இரண்டும் நகர முடியாது, யாரும் யாரையும் விட்டுப் போக முடியாது, ஆகவே இதுதான் உயர்ந்த பதில், பத்து என்று எழுதியிருந்தது. அந்தப் பத்து சிவப்பில் இல்லை, பேனா மையில் இருந்தது. அதற்குப் பிறகு ஒரு தாள் கிழிக்கப்பட்டிருந்தது. மன்றத்துக்காரர் எட்டிப் பார்த்துவிட்டு, இது சுத்தத் தப்பு என்றார். வெள்ளை தன் ராஜா முன் சிப்பாயை இரண்டு கட்டம் தள்ளினால் மந்திரிக்குக் கோணல் வழி திறக்கும், அவர் அதிலேயே போய் அந்தக் கறுப்புச் சிப்பாயின் கழுத்தைப் பிடிப்பார். மூலைக்காரர் இதற்குப் பத்துப் போடவே மாட்டார். சாகக் கிடந்தாலும் எழுந்து வந்து அடித்துத் திருத்துவார்.

பூட்டுக்காரர் எழுந்துவிட்டார்.

திரும்பிப் போனபோது மகள் கீழே பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தாள். அவளையும் மாடிக்குக் கூப்பிட்டார். அம்மாள் மேஜையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். பூட்டுக்காரர் சுற்றி வளைக்கத் தெரியாதவர். இந்த நாற்காலியில் உட்காருங்கள் என்று வெள்ளைப் பக்கத்தைக் காட்டினார். அம்மாள் அந்த நாற்காலியைப் பார்த்தாள், நகரவில்லை. கறுப்புப் பக்கத்துக்குப் போய், கட்டுப் போட்ட காலை நீட்டி, பார்க்காமலே கையைக் கைப்பிடியில் வைத்து உட்கார்ந்தாள். தேய்ந்த இடத்தில் கை கச்சிதமாகப் பொருந்தியது.

"முப்பத்திரண்டு வருஷம், ராத்திரி இவ தூங்கின பிறகு," என்றாள்.

மகள் நின்ற இடத்திலேயே நின்றாள். அம்மாவுக்கு ஆட்டம் தெரியாதே என்று சொன்னாள். அது அப்பா வெளியில் சொல்வது, கேட்டுக் கேட்டு நானும் அதையே சொல்லப் பழகிட்டேன் என்றாள் அம்மாள். கறுப்பின் ஆறு பதிலும் அவள் ஆடியவை. கோபம் வந்த நாளில் ஓரத்துச் சிப்பாய். பயந்த நாளில் ஒரு கட்டம். பேசப் பிடிக்காத நாளில் குதிரை. அதற்குத்தான் எட்டு மதிப்பெண் கிடைத்தது. அவர் சொல்லச் சொல்ல நோட்டில் எழுதியதும் அவள்தான். அளவை இலாகா காலத்திலிருந்தே அவர் கிறுக்கிக் கொடுப்பார், அவள் நல்ல எழுத்தில் எழுதிக் கொடுப்பாள். மகள் அப்பாவின் எழுத்து என்று நினைத்துக்கொண்டிருந்தது அம்மாவின் எழுத்து. அவருடைய கை அந்த நோட்டில் பட்டது சிவப்புப் பென்சிலோடு மட்டும்தான்.

"அப்போ ஏன் இந்த ஏமாத்து வேலை?" என்றார் பூட்டுக்காரர்.

"யாரை ஏமாத்தினேன்? அவருக்குத்தான் எழுதினேன். நான் தப்பாச் சொன்ன பதிலை ஒரு ராத்திரி அப்படியே விட்டு அவர் தூங்கினதில்லை. இவ்வளவு பெரிய தப்பை எழுதி வெச்சா, எங்க இருந்தாலும் வந்து அடிப்பார்னு நினைச்சேன்."

மகள் அழ ஆரம்பித்தாள். மருமகள் அவள் தோளைப் பிடித்துக்கொண்டாள். பூட்டுக்காரர் தன் வேலை முடிந்தது என்று நினைத்தார். ஆள் உள்ளேதான், எப்போதும் போல. ஏரியில் போனவர் போய்விட்டார், வீட்டில் கிடந்த பாதி இதோ கறுப்புப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறது.

அப்போது அம்மாள் அலமாரியிலிருந்து முழங்கால் தைல டப்பாவை எடுத்து, அதனடியில் மடித்து வைத்திருந்த தாளைப் பிரித்து மேஜையில் வைத்தாள். கிழித்த தாள் அதுதான். முந்தாநாள் செவ்வாய். காலுக்குப் பயிற்சி எடுக்க ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டுத் திரும்பியபோது நோட்டு திறந்திருந்ததாம், பக்கத்தில் பென்சில் சீவல் சுருண்டு கிடந்ததாம்.

தாளில் அவள் எழுத்தில் ஏழாவது பதிலின் கடைசிப் பக்கம். அதன் மேல் சிவப்பு. வலப்பக்கம் என்ற வார்த்தை அடிக்கப்பட்டு, இடப்பக்கம் நோக்கி ஓர் அம்பு. அவள் வரைந்திருந்த கட்டப்படத்தில் வெள்ளை ராஜா முன் சிப்பாயிலிருந்து இரண்டு கட்டத்துக்கு ஒரு கோடு, மந்திரி வரும் வழிக்கு ஒரு கோணல் கோடு. அங்கேயும் அவள் எழுதியிருந்த பத்து அடிக்கப்பட்டிருந்தது. கீழே, வால் வைத்த பெரிய பூஜ்யம்.

எதிரே காலியாக இருந்த வெள்ளை நாற்காலியை நாலு பேருமே பார்க்காமல் இருந்தார்கள்.

மகள்தான் முதலில் வாயைத் திறந்தாள். அப்பா உயிரோடு இருக்கிறார் என்றால் நீ எங்கேயும் வரவேண்டாம், நானே இங்கே தங்கிவிடுகிறேன், அவர் மறுபடி வருவார் என்று கோவையில்லாமல் சொன்னாள். அம்மாள் அவளை முடிக்க விட்டாள்.

"எனக்குத் தெரியாம இருந்தது ஒண்ணே ஒண்ணுதான்மா. செத்துட்டாரா, இல்ல போயிட்டாரா. செத்திருந்தா இந்த அறையைத் துடைச்சுக்கிட்டு நான் இங்கேயே இருந்திருப்பேன். உன்னோட வந்திருக்க மாட்டேன். நான் ஆஸ்பத்திரிக்குப் போற நேரம் பார்த்து வந்து, என் முகத்தைப் பார்க்காம, பூஜ்யம் போட்டுட்டுப் போயிருக்கார். போனவருக்கு நான் எதுக்குத் துடைக்கணும்?"

துணியை மேஜையிலேயே வைத்தாள். சனிக்கிழமை வரை எதற்கு, நாளைக்கே கிளம்பலாம் என்றாள். மகள் கண்ணைத் துடைத்துக்கொண்டு தலையாட்டினாள்.

வாசலில் பூட்டை மாற்றித் தரட்டுமா என்று பூட்டுக்காரர் கேட்டார். மாற்ற வேண்டாம், அவர் சாவி அதற்குச் சேர வேண்டும், வந்து உட்கார்ந்து எதிரே யாரும் இல்லாமல் ஆடிப் பார்க்கட்டும் என்றாள் அம்மாள். அதைச் சொன்னபோது அவள் குரலில் கோபம்கூட இல்லை. அதுதான் அவருக்கு எதனாலோ சில்லிட்டது.

தெருவில் இறங்கியதும் மருமகள் கேட்டாள், என்ன மாமா, வாயே திறக்கலை.

"நான் நம்பலை."

"எதை?"

"எதையும். பூஜ்யம் யார் போட்டாலும் பூஜ்யம்தான். நாம மன்றத்துல இருந்தப்போ அந்த மாடில ஒரு சிவப்புப் பென்சிலும் அந்தம்மாவும் தனியா இருந்தாங்க. மகளோட போக ஒரு காரணம் வேணும், புருஷனை விட்டுப் போன பேரும் வரக்கூடாது. ஒரு கோடு போட எவ்வளவு நேரம் ஆகும்?"

"கோடு போடலாம். வலப்பக்கத்தை எப்படி அடிப்பாங்க? அவங்க கண்ணுக்கு அது தப்பே இல்லையே. தப்புன்னு நாம கண்டுபிடிச்சதே மன்றத்துல உட்கார்ந்த பிறகுதானே? அவங்ககிட்ட நாம அதைச் சொல்லக்கூட இல்லை."

பூட்டுக்காரர் நடையை எட்டிப் போட்டார். இருபதடி நடந்தார். சித்தப்பா என்று ஆரம்பித்தார். அவர் வைத்த ராஜாக்கள் ஞாபகம் வந்ததும் நிறுத்திக்கொண்டார். மன்றத்துக்காரர் என்றார். அவரிடம் சாவி ஏது என்று மருமகள் கேட்டாள். ஏதாவது ஒரு வழி இருக்கும், இல்லாமல் இருக்காது, எல்லாப் பூட்டுக்கும் இன்னொரு வழி உண்டு என்று முணுமுணுத்தார். தூறல் வலுத்தது.

தெருமுனையில் மருமகள் நின்றாள். மாடி ஜன்னலில் விளக்கு எரிகிறது, அம்மாவும் பொண்ணும் கீழே கூடத்துல இருக்காங்க, ஜன்னல் வழியாத் தெரியறாங்க, ஒரு தடவை திரும்பிப் பாருங்க மாமா என்றாள்.

"பார்க்க மாட்டேன்."

"ஏன்?"

"பார்த்தா நம்பினதா ஆயிடும்."

சட்டைக் காலரை உயர்த்திக்கொண்டு, சாக்கடை ஓரமாக, யாருக்கும் வழி விடாத தன் வழக்கமான நடையில் அவர் போய்க்கொண்டே இருந்தார்.